10 நாள் பருத்தி இழை: யாரிவில் சிவப்பு, ஜெல்லில் ஒன்றுமில்லை

பருத்திமாணவன்:
வணக்கம். எம்.சி.யு. 5 ரகப் பருத்திச் செடியில் பூ விரிந்த காலையே காம்பில் நூல் கட்டி, 10ஆம் நாள் காய்களைப் பறித்தேன். இழையைத் திரவ நைட்ரஜனில் அரைத்தால் சாறு பழுப்பாகிவிடுகிறது. புரதங்களைப் பிரித்து, கூமாசி என்ற புரதச் சாயமேற்றிய ஜெல்லில் மற்ற பட்டைகள் தெரிகின்றன. நான் தேடும் அராபினோகாலக்டன் புரதம் (செல் சுவரில் உள்ள சர்க்கரை மிகுந்த புரதம்) இருப்பதற்கு அறிகுறியே இல்லை. ஆனால் அதே சாற்றில் பீட்டா-யாரிவ் (இந்தப் புரதத்தைப் பிடிக்கும் சிவப்புச் சாயம்) விட்டால் சிவப்பாகத் திரிகிறது. எதை நம்புவது?

இழைமேசை:
யாரிவை நம்புங்க தம்பி, ஆனா கன்ட்ரோலோட. இந்தப் புரதங்களோட எடையில் 90 சதவீதம் வரைக்கும் சர்க்கரைதான். கூமாசி பிடிக்கிறது லைசின், ஆர்ஜினின் மாதிரி அமினோ அமிலங்களை. இதுல அதெல்லாம் குறைச்சல், ஹைட்ராக்சிபுரோலினும் அலனினும் செரினும்தான் அதிகம். போதாததுக்கு மேலே சர்க்கரை மூடியிருக்கு. ஜெல்லையே யாரிவில் ஊறவைங்க. பட்டையா நிற்காது, இழுபட்ட கறையாத்தான் வரும். அதுதான் சரி.

கன்ட்ரோல் இதுதான்: இந்தப் புரதத்தைப் பிடிக்காத ஆல்ஃபா-மனோசில் யாரிவ் உங்க சாற்றில் திரியக் கூடாது. கம் அரபிக் கரைசல் பீட்டாவில் திரியணும், அதுவும் இதே குடும்பம்தான். அகரோஸ் தட்டுல எதிரெதிரே குழி போட்டு, ஒண்ணுல சாறும் இன்னொண்ணுல பீட்டா-யாரிவும் விட்டா, நடுவுல சிவப்புக் கோடு விழும். பழுப்புக்குக் காரணம் பாலிஃபீனால், அரைக்கும்போதே அதை உறிஞ்சிக்கிற பி.வி.பி.பி. பொடியைச் சேருங்க.

நூற்பாலைக்காரன்:
முதிர்ந்த பஞ்சு கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ்தானே? இந்தப் புரதத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

இழைமேசை:
எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. செல்லுலோஸ் அடுக்கடுக்கா படியறது பெரும்பாலும் நீளம் வளர்ந்து முடியற சமயத்துல. உங்க ஆலைக்கு வேண்டிய நீளம் முதல் 20 நாள்லயே முடிவாகுது. அப்போ இழையோட செல் சுவர் மெலிசு. பெக்டின், சைலோகுளுக்கன்னு சுவரில் இருக்கிற மற்ற சர்க்கரைச் சங்கிலிகளோட இந்தப் புரதங்களும் அங்க வேலை செய்யுது. 2013இல் வந்த ஆய்வுல, இந்தக் குடும்பப் புரதம் ஒண்ணை உண்டாக்குற ஜி.எச்.எஃப்.எல்.ஏ.1 மரபணுவை அடக்கினப்போ இழை தோன்றறதும் நீள்றதும் தடைப்பட்டுச்சு, கூட்டினப்போ நீண்டது. நீளத்தைப் பத்திப் பேசுறவங்க இதை ஒதுக்குறது எனக்குச் சம்மதமே இல்லை.

பருத்திமாணவன்:
நன்றி அக்கா. 10ஆம் நாள் மட்டும் போதுமா?

இழைமேசை:
போதாது. 5, 10, 15, 20, 25 எடுங்க. 20ஐ ஒட்டித்தான் சுவர் மாறுது. சில புரதங்கள் ஜி.பி.ஐ.ங்கிற கொழுப்புக் கொக்கியில் செல் சவ்வோட ஒட்டியிருக்கும், அதனால சவ்வைக் கரைக்கிற டிரைட்டான் சோப்பு போட்டும் தனியா ஒரு சாறு எடுங்க. திரிஞ்ச வண்டலை சோடியம் டைதயோனைட்டில் சிவப்பு போற வரை கரைச்சு, டயாலிசிஸ் பண்ணி (சவ்வுப் பையில் வெச்சு சின்ன மூலக்கூறுகளை வெளியேத்தி) சர்க்கரைப் பகுப்பாய்வுக்கு அனுப்புங்க.