புதுப்பிப்பு: எங்கள் சங்கத்தின் வாரச் செய்தி, ஒரு மாதத்துக்குப் பிறகு

எங்கள் சேவைச் சங்கத்தின் ரத்ததான முகாம் தேதி மாறியதையும், அந்தச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே புதைந்துபோனதையும் போன மாதம் எழுதியிருந்தேன். ஆறு பேர் மதுரை சிம்மக்கல் வரை வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக இது.

குழுவை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் செயலாளர் மட்டுமே எழுதலாம். திங்கள் காலை ஒரே ஒரு செய்தி. அரட்டைக்கு மற்றொன்று.

வாட்ஸ்அப் இல்லாத நான்கு பெரியவர்களுக்கு நானே போன் செய்து செய்தியை வாசிக்கிறேன். அதில் ஒருவர், முன்பு பாத்திரக் கடை வைத்திருந்தவர், "மூணு வருஷமா சங்கத்துலேர்ந்து ஒரு போன் வரலையே தம்பி" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு நாள் இதைக் கவனிக்காமல் இருந்துவிட்டோம்.

முகாம் நல்லபடியாக முடிந்தது. இந்த முறை நீள நோட்டு ஒன்று போட்டு, ரத்தம் கொடுத்தவர் பெயருக்கு எதிரே அடுத்து எப்போது கொடுக்கலாம் என்றும் குறித்தோம். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். எடுத்து வைத்த ரத்தத்தில், உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாள்தான் தாங்கும் என்பதால், முகாமில் சேர்ப்பது மட்டும் போதாது. தேவைப்படும்போது கூப்பிட ஆள் வேண்டும்.

போன வாரம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஒரு பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் கேட்டார்கள். நோட்டைப் புரட்டி அழைத்தேன். அரை மணி நேரத்தில் ஒருவர் வண்டியை எடுத்துவிட்டார்.

பாத்திரக் கடைக்காரர் இந்த வாரக் கூட்டத்துக்கு வந்தார், கையில் ஒரு டப்பா அதிரசத்தோடு.