சக்கர விண்குடியிருப்பின் உட்காட்சி: தரை மேலேறி வளைவதை எப்படி வரைவது?

பென்சில்முனை
1975இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் நடத்திய கோடைக்கால ஆய்வில் வந்த சக்கரக் குடியிருப்பை (விண்வெளியில் சுழலும் வளையக் குழாய்க்குள் ஓர் ஊர்; 10,000 பேர், நிமிடத்துக்கு ஒரு சுற்று) ஏ3 தாளில் வாட்டர்கலரில் வரைகிறேன். தெருவில் நிற்பவர் பார்க்கும் காட்சி. தரை வளைந்து ஏறாமல் மலைச்சரிவாகத் தெரிகிறது. நம்பிக்கை தரும் படமாக வரணும், ஆனால் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி வெறிச்சென்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

கோணமானி
தூரத்து மரங்களை நேராக நட்டிருப்பீர்கள், அதுதான் சரிவாகக் காட்டுகிறது. சக்கரம் சுழல்வதால் அங்கே எல்லாம் வெளிச்சுவரை நோக்கியே விழும்; தூக்குக்குண்டை எங்கே தொங்கவிட்டாலும் நூலின் மேல்முனை சக்கரத்தின் மையத்தைத்தான் காட்டும். வட்டத்தில் 30 டிகிரி தள்ளியிருக்கும் வீடு நம் பக்கம் 30 டிகிரி சாயும். அதன் கூரை மேலிருந்து பார்ப்பதுபோல் தெரிய வேண்டும்.

சக்கரத்தின் விட்டம் சுமார் 1,790 மீ., குழாயின் விட்டம் 130 மீ. தரை வெளிச்சுவரை ஒட்டியிருப்பதாக வைத்தால் ஆரம் 895 மீ. ஏற்றக்கோணம் (கண்மட்டத்திலிருந்து பார்வை மேலேறும் கோணம்), வட்டத்தில் தள்ளியிருக்கும் கோணத்தில் சரிபாதி. பார்வைத் தூரம் (கண்ணிலிருந்து தாளுக்கு) 300 மி.மீ. என்றால், தாளில் கண்மட்டக் கோட்டுக்கு மேலே தரை சுமாராக ஏறும் உயரம்:

156 மீ. தள்ளி: 26 மி.மீ.
312 மீ.: 53 மி.மீ.
469 மீ.: 80 மி.மீ.
சுமார் 980 மீ.: 182 மி.மீ.

அதற்கு அப்பால் மேற்கூரை குறுக்கே வந்து தரையை மறைத்துவிடும். தாளைக் கிடையாக வைத்து, கண்மட்டக் கோட்டை அடியிலிருந்து 80 மி.மீ. உயரத்தில் போட்டால் எல்லாம் அடங்கும்.

நீலக்கழுவல்
தூரத்தை நீலமாக மங்கவைக்காதீங்க. கண்ணுக்கு எட்டுறதே ஒரு கிலோமீட்டர்தான். ஆழத்தை ஆட்களின் அளவில் காட்டுங்க: 20 மீட்டரில் நிற்பவர் 25 மி.மீ., 470 மீட்டரில் வெறும் 1 மி.மீ. புள்ளி. சூரிய வெளிச்சம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரியான பெரிய கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி மையப் பக்கத்துக் கூரை வழியா இறங்குது, அதனால் நிழல் காலடியிலேயே விழணும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரீன் நீலத்தோட பர்ன்ட் சியன்னா பழுப்பு கலந்தா போதும். முதல் பூச்சு காயுறதுக்குள்ள அடுத்ததை வெச்சா, 300 ஜிஎஸ்எம் தடித்த தாளிலும் பூப்பூவா திட்டு விழும்.

கரித்துண்டு
வெறுமைக்குக் காரணம் வண்ணம் இல்லை. எல்லாமே கட்டி முடிந்து பளபளவென்று இருக்கும் ஊரில் ஆளுக்கு வேலை இருக்காது. ஓவியர்கள் ரிக் கைடிஸும் டான் டேவிஸும் நாசாவுக்கு இந்தக் குடியிருப்புகளை வரைந்தது 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்தைய ஆண்டுகளில். சோர்ந்த காலத்துக்கு அவர்கள் தந்த பசுமை பிடிக்கும், அமெரிக்கப் புறநகர் வாடைதான் எனக்கு ஒட்டாது. முன்னால் அந்த 25 மி.மீ. ஆளைப் பம்பு பழுதுபார்க்க வையுங்கள். பழைய குழாயில் புது ஒட்டு ஒன்று தெரியட்டும். பக்கத்தில் ஒரு பிள்ளை பந்து எறியட்டும்: 3 மீ. உயரம் போன பந்து, சக்கரம் சுழலும் திசையில் சுமார் 65 செ.மீ. தள்ளி விழும். அங்கேயே பிறந்த பிள்ளைக்கு அது பழக்கம்.

பென்சில்முனை
படத்தில் பந்து இடமா, வலமா?

கோணமானி
இரண்டுமில்லை. விலகல் குழாயின் நீளவாக்கில், அதாவது நம் பார்வைத் திசையிலேயே. பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. சுழலும் திசையை நோக்கி வரைந்தால், பிள்ளை நம்மைவிட்டு ஓர் எட்டு முன்னே வைத்துக் கையை நீட்டுவதாகப் போடுங்கள்.