ஒலிப்பதிவில் ஏறும் உறுமல்: திரவக் குளிர்விப்பானுக்கு அமைதியான விசிறி எது?

வாசிப்பவள்:

வணக்கம். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து தருகிறேன். பதிவும் திருத்தமும் ஒரே கணினியில், ஒரே அறையில். மைக்கிலிருந்து கணினி இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் நான் மூச்சு வாங்கும் இடங்களில் எல்லாம் பின்னால் ஓர் உறுமல் கேட்கிறது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒரே சீராக இல்லை. "ஊம்... ஊம்..." என்று ஏறி இறங்குகிறது, நொடிக்கு ஒரு தடவைக்குச் சற்று அதிகமாக. இரைச்சல் நீக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தேன். உறுமல் போகிறது, கூடவே என் குரலும் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. மணிக்கணக்கில் அதைக் காதில் வாங்கிப் படிக்கப்போகும் பிள்ளைகளை நினைத்தால் அப்படியே அனுப்ப மனம் வரவில்லை.

கணினியின் விவரம்: 240 மில்லிமீட்டர் ரேடியேட்டர் (திரவத்தின் வெப்பத்தை வெளியேற்றும் தகட்டுப் பெட்டி), கேபினெட்டின் முகப்பில். குழாய்கள் கீழே இருக்கின்றன. கூலருடன் வந்த இரண்டு 120 மி.மீ. விசிறிகள், ஒவ்வொன்றிலும் ஏழு இதழ்கள். முகப்பு வலைத்தட்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அவை நின்று உள்ளே காற்றைத் தள்ளுகின்றன. மதர்போர்டில் இரண்டும் தனித்தனி இணைப்புகளில் இருக்கின்றன. வாசிக்கும்போது ஒன்று நிமிடத்துக்கு 1260 சுற்று, மற்றது 1250 சுற்று என்று காட்டுகிறது. செயலியின் வெப்பம் 48 டிகிரி. கோப்பை ஏற்றுமதி செய்யும்போது 71 வரை போகும். ஒலித் திருத்தியின் அலைவெண் வரைபடத்தில் 147 ஹெர்ட்ஸ் அருகே ஊசிபோல் ஒரு முனை நிற்கிறது. தூசி வடிகட்டியைக் கழுவிவிட்டேன், மாற்றமில்லை.

விசிறி மாற்றலாம் என்றால் ஒரு பெட்டியில் 19 டெசிபெல், இன்னொன்றில் 22 என்று போட்டிருக்கிறார்கள். குறைந்த எண்ணை வாங்கினால் போதுமா?

நீர்வளையம்:

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள், சகோதரி. சத்தம் விசிறியா, திரவத்தைச் சுழலவைக்கும் பம்பா என்று முதலில் பிரிக்க வேண்டும். பம்பின் சத்தத்துக்கு விசிறி மாற்றிப் பயனில்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கணினியை அணைத்து இரண்டு விசிறிகளின் கேபிளையும் கழற்றுங்கள். பம்பின் கேபிளைத் தொட வேண்டாம். மீண்டும் இயக்கி, எந்த வேலையும் கொடுக்காமல், வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். உள்ளே இருக்கும் திரவம் அந்தச் சிறு நேரத்துக்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு ஒரு தாளைச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பம்பின் அருகிலும் வைத்துக் கேளுங்கள். மெல்லிய கீச்சொலி என்றால் பம்பின் மோட்டார். குமிழி புரளும் ஓசை என்றால் உள்ளே காற்று. ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரமாக இருந்தால் காற்று மேலே போய்த் தங்கிவிடும். முகப்பில், குழாய் கீழே வரும்படி மாட்டியிருப்பது நல்ல அமைப்புதான்.

காற்றாடி:

கேட்டுப் பார்ப்பது சரி. ஆனால் உங்கள் வரைபடமே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. 1260 சுற்று என்றால் நொடிக்கு 21 சுற்று. ஒரு சுற்றில் ஏழு இதழ்கள் ஒரே இடத்தைக் கடக்கின்றன. 21 × 7 = 147 ஹெர்ட்ஸ். நீங்கள் பார்த்த ஊசி அதுதான்.

ஏறி இறங்குவதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. 1250 சுற்றில் ஓடும் விசிறி 145.8 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. இரண்டு ஒலிகளும் ஒரு கணம் சேர்ந்து ஓங்கும், மறுகணம் ஒன்றையொன்று அமுக்கும். வித்தியாசம் ஏறத்தாழ 1.2 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல். நீங்கள் எழுதியதும் அதுவே. வீணையில் சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்திகள் ஒட்டி வந்தும் ஒட்டாமல் நின்றால் அலையடிக்குமே, அதே விம்மல்தான் இது.

ஒரு விசிறியை மற்றதைவிட 60 முதல் 80 சுற்று குறைத்து ஓடவிடுங்கள். இந்த மெதுவான ஏற்ற இறக்கம் போய்விடும். காசு செலவில்லை.

அடுத்து, வேகத்தையே குறைத்துப் பாருங்கள். ஒரே விசிறியின் வேகம் மாறினால் சத்தம் ஏறத்தாழ வேக விகிதத்தின் மடக்கையை 50 ஆல் பெருக்கிய அளவுக்கு மாறும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. 1260-இலிருந்து 800-க்கு இறக்கினால் சுமார் 10 டெசிபெல் குறையும். பாதி வேகத்துக்கு இறக்கினால் 15. எந்த விசிறியை வாங்கினாலும் அதே வேகத்தில் இவ்வளவு லாபம் கிடைப்பது அரிது.

பெட்டியில் உள்ள டெசிபெல் எண்ணை நம்பி வாங்காதீர்கள். பெரும்பாலும் அது விசிறியைத் திறந்த வெளியில் தனியாக ஓட்டி, ஒரு மீட்டர் தொலைவில் அளந்தது. ரேடியேட்டரும் இல்லை, வலைத்தட்டும் இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் அளக்கும் முறையும் வேறு. அதோடு, அது எத்தனை சத்தம் என்பதைச் சொல்லும், எப்படிப்பட்ட சத்தம் என்பதைச் சொல்லாது. ஒரே அளவில், காற்று இரைவதை மனம் மறந்துவிடும். ஒற்றைச் சுரமாய் ரீங்கரிப்பதை மறக்காது.

வாசிப்பவள்:

இருவர் சொன்னதையும் செய்தேன். விசிறிகளைக் கழற்றியதும் 147 முனை மறைந்துவிட்டது. காகிதக் குழலில் பம்பின் கீச்சொலி கேட்கிறது, ஆனால் மைக்குக்கு எட்டவில்லை.

பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஒன்றை 800, மற்றதை 740 என்று வைத்தேன். விம்மல் நின்றுவிட்டது! இத்தனை மாதம் இதற்காக மைக்கை மாற்றினேன், திரைச்சீலை போட்டேன், மேசையைத் திருப்பினேன். ஏற்றுமதியின்போது வெப்பம் 79-க்குப் போனது, வேலை தடைபடவில்லை.

ஆனால் புதிதாக ஒன்று. வேகம் குறைந்ததும் கீழ் விசிறியிலிருந்து "டிக், டிக்" என்று கடிகாரம்போல் ஓர் ஓசை வருகிறது. முன்பு உறுமல் அதை மூடி மறைத்திருக்க வேண்டும். மைக் அதைத் துல்லியமாகப் பிடிக்கிறது. இன்னொன்று: கோப்பைத் திறந்தாலே விசிறி ஒரு கணம் சீறிவிட்டு அடங்குகிறது.

நீர்வளையம்:

கேபிள் எதுவும் இதழில் உரசவில்லை என்றால் டிக் ஓசை பேரிங் அல்லது மோட்டாருடையது. அதற்கு மருந்தில்லை, விசிறியை மாற்றத்தான் வேண்டும்.

சீறலுக்குக் காரணம், விசிறி செயலியின் வெப்பத்தைப் பார்த்து ஓடுவது. செயலி ஒரு நொடியில் 15 டிகிரி ஏறி இறங்கும். திரவம் அப்படி ஏறாது. ரேடியேட்டரின் விசிறி குளிர்விப்பது திரவத்தைத்தான். உங்கள் கூலர் திரவத்தின் வெப்பத்தைக் காட்டுமானால், 'ஃபேன் கன்ட்ரோல்' என்ற இலவச மென்பொருளில் விசிறியை அதனோடு இணைத்துவிடுங்கள். காட்டாவிட்டால் பயாஸில் வேகம் ஏறுவதற்கான தாமதத்தைக் கூட்டுங்கள். வெப்பம் 65 டிகிரி தொடும்வரை 800-இலேயே நிற்கட்டும்.

தச்சன்மகன்:

விசிறித் தேர்வில் என் கருத்து: இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று விசிறியை வாங்கி மெதுவாக ஓட்டலாம் என்பார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நாக்டுவா என்எஃப்-ஏ12×25 விசிறிக்கு 2000 சுற்றில் 2.34 மில்லிமீட்டர் நீரழுத்தம் என்று போட்டிருக்கும். 800-இல் அது 0.37 தான். பெட்டியில் உள்ள உச்ச எண் நீங்கள் ஓட்டாத வேகத்துடையது.

காற்றாடி:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அழுத்தம் வேண்டாம் என்று பொருளாகிவிடக் கூடாது. ரேடியேட்டரின் தகடுகள் நெருக்கமானவை. கேபினெட்டுக்குக் காற்று வீச மட்டும் செய்த விசிறி அங்கே திணறும். இரண்டு விசிறிகளை ஒப்பிட அழுத்த எண் உதவும்.

உங்கள் வேலைக்கு நான் பார்ப்பது வேறொன்று. பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டி போடுகிறீர்களா? பெண் குரலின் அடிச்சுரம் பெரும்பாலும் 165-க்கு மேல்தான், ஆகவே அதில் ஒன்றும் கெடாது. இப்போது இதழ்களை எண்ணுங்கள். நாக்டுவாவின் அந்த விசிறிக்கு ஒன்பது இதழ்கள், 800 சுற்றில் 120 ஹெர்ட்ஸ். ஆர்க்டிக் பி12 விசிறிக்கு ஐந்து இதழ்கள். அதே வேகத்தில் 66.7 ஹெர்ட்ஸ், வெட்டும் கோட்டுக்குக் கீழே. அதன் இரு மடங்கு, மும்மடங்கு ஒலிகள் 133, 200 என்று மேலே கொஞ்சம் எட்டிப்பார்க்கும், ஆனால் அடிப்படை முனை போய்விடும். இரண்டுமே நல்ல விசிறிகள். அறையில் உட்கார்ந்திருக்கும் காதுக்கு என்றால் நான் முதலாவதைச் சொல்வேன். மைக்குக்கு இரண்டாவது.

நான்கு பின் இணைப்புள்ள, வேகத்தை மதர்போர்டே கட்டுப்படுத்தக்கூடிய பிடபிள்யூஎம் வகையையே வாங்குங்கள். விளக்குள்ள விசிறி வேண்டாம். வாங்கியே தீருவதென்றால் 5 வோல்ட் விளக்குக் கேபிளை 12 வோல்ட் முனையில் செருகிவிடாதீர்கள், விளக்கு எரிந்துபோகும்.

இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது. முகப்புப் பலகையைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்யுங்கள். விசிறி காற்றை இழுக்கும் பக்கத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டரில் வலைத்தட்டு இருந்தால், ஒவ்வோர் இதழும் கலைந்த காற்றை வெட்டிக்கொண்டு போகும். சுரம் பிறப்பது அங்கேதான்.

வாசிப்பவள்:

கழற்றினேன். நீங்கள் சொன்னதுபோலவே முனை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பலகை இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது, தூசி வரும். என்ன செய்யலாம்?

காற்றாடி:

விசிறிக்கும் தட்டுக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளிச் சட்டம் போடுங்கள். விசிறியின் இழுக்கும் பக்கத்துக்கென்றே விற்கிறார்கள். கனமான ரப்பர் தகட்டை விசிறியின் விளிம்பு அளவுக்கு வெட்டியும் வைக்கலாம்.

தச்சன்மகன்:

ஐயா சொன்னது சரி, ஆனால் ஸ்குரூவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார். சகோதரி, இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

25 மி.மீ. விசிறிக்குக் கூலருடன் வரும் நீள ஸ்குரூ பெரும்பாலும் 30 மி.மீ. ரேடியேட்டருக்குள் நுழைவது ஐந்து மில்லிமீட்டர்தான். சட்டத்தின் வழியாக மாட்டினால் 35 வேண்டியிருக்கும். ஆபத்து என்னவென்றால், அந்த 35-ஐப் பின்னொரு நாள் சட்டம் இல்லாமல் போட்டுவிடுவது. நான் போட்டேன். ஸ்குரூ எளிதாக இறங்கி, ஓரிடத்தில் லேசாகத் தடுத்து, மறுபடி எளிதாகியது. தடுத்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஓட்டையின் பின்னால் சில ரேடியேட்டர்களில் காப்புத் தகடு இருக்கும், என்னுடையதில் இல்லை. நேரே நீர்க்குழாய். ஸ்குரூவைத் திருப்பி எடுத்தபோது அதன் நுனியில் ஒரு துளி நின்றது, நிறமில்லாமல், விரலில் வழுவழுப்பாக. மறுநாள் காலை கேபினெட்டின் அடியில் சிறு குட்டை. கூலரையே தூக்கிப் போட்டேன்.

ஆகவே மாட்டுவதற்கு முன் ஸ்குரூவை விசிறி, சட்டம், கேபினெட் தகடு மூன்றோடும் சேர்த்துக் கையில் பிடித்துப் பாருங்கள். வெளியே நீட்டும் பகுதியைப் பழைய ஸ்குரூ நீட்டிய அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் வாஷர் போடுங்கள். நான்கையும் பாதிவரை கையால் திருகிய பின்பே ஸ்குரூடிரைவரை எடுங்கள், மூலைக்கு மூலை மாற்றி இறுக்குங்கள். அசைவு நின்றதும் போதும். மூலையில் ரப்பர் உள்ள விசிறியை அழுத்தி இறுக்கினால் அதிர்வு நேரே கேபினெட்டுக்குப் போய்விடும்.

வாசிப்பவள்:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். ஐந்து இதழ் விசிறிகள் இரண்டும், 5 மி.மீ. சட்டங்களும் மாட்டியாகிவிட்டது. ஸ்குரூவை அளந்தேன். கையிலிருந்த 35 மி.மீ. ஸ்குரூ பழையதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் அதிகமாக நீட்டியது. இரண்டிரண்டு வாஷர் போட்டேன். தச்சன்மகன் ஐயா, நீங்கள் எழுதியிராவிட்டால் நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

வேகம் 800, 740. கோப்பு திறந்தால் சீறுவதில்லை. நீண்ட ஏற்றுமதியில் விசிறி 1300 வரை ஏறுகிறது, வெப்பம் 76-இல் நிற்கிறது. அந்த நேரத்தில் நான் வாசிப்பதில்லை. 80 ஹெர்ட்ஸ் வடிகட்டி போட்ட பிறகு வரைபடத்தில் ஊசி எதுவும் இல்லை. 133 அருகே ஒரு சிறு மேடு மட்டும் இருக்கிறது, காதுக்குத் தெரியவில்லை. இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிட்டேன். நேற்று ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் ஒரு பாடத்தை முழுதும் அப்படியே வாசித்தேன். வாக்கியங்களுக்கு நடுவே என் மூச்சும் பக்கம் புரளும் ஓசையும் மட்டும் இருக்கின்றன.

ஒரு சந்தேகம் மீதி: டிக் அடிக்காத பழைய விசிறியைக் கேபினெட்டின் பின்புறம் காற்று வெளியேற்றப் போடலாமா?

நீர்வளையம்:

போடலாம். ஆனால் 680-க்குக் கீழே, புதியவற்றோடு ஒட்டாத வேகத்தில் நிறுத்துங்கள். 600 சுற்றில் ஏழு இதழ் 70 ஹெர்ட்ஸ் தரும், அது வடிகட்டிக்குக் கீழே போய்விடும். ஆனால் 67-க்கு மிக அருகில் வருவதால் மறுபடி விம்மல் எழலாம். 450-இல் ஓட்டினால் 52.5, இரண்டு புதியவற்றிலிருந்தும் தள்ளி நிற்கும். குறைந்த வேகத்தில் அதுவும் டிக் அடிக்கிறதா என்று மாட்டுவதற்கு முன் கையில் வைத்தே கேட்டுவிடுங்கள்.