2,000 சிங்கப்பூர் வெள்ளிக்குள் மலைப்பாதைக்கு மின்சைக்கிள் கிடைக்குமா? முழங்கால் ஆபரேஷன் ஆனவன் கேட்கிறேன்

ஈசூன் அப்பா:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 47 வயது. சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் வலது முழங்காலில் மெனிஸ்கஸ் (மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்து ஆபரேஷன் ஆனது. சைக்கிள் ஓட்டலாம், ஆனால் அழுத்தி மிதிக்கக் கூடாது என்று பிசியோ சொல்லியிருக்கிறார்.

மகனுக்கு 17. அடுத்த வருடம் என்எஸ் (கட்டாய தேசிய சேவை) போய்விடுவான். ஞாயிறு காலையில் இரண்டு பேரும் மண்டாய் ரோடு வழியாக செஸ்நட் இயற்கைப் பூங்காவுக்குப் போவோம். சாலையில் எனக்கு ஒன்றும் சிரமம் இல்லை. உள்ளே மலைச்சைக்கிள் தடத்தில், ஏற்றத்தில் மரவேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே கிடக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே இறங்கினால் உச்சி வரை தள்ளல்தான். அவன் மேலே தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நிற்பான். ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். நான் வந்து சேர்ந்ததும் பாட்டிலை நீட்டுவான். அந்த இடம்தான் எனக்கு மனதைப் பிசைகிறது. அவன் படைக்குப் போவதற்குள் அந்த ஏற்றத்தை அவனோடு சேர்ந்து ஏறிவிட வேண்டும்.

என் கையில் இருப்பது 2,000 வெள்ளி. அதற்கு மேல் ஒரு காசு முடியாது. இப்போது என் முன் மூன்று வழி இருக்கிறது. வேலையிடத்து நண்பர் ஜோகூர் பாருவில் தடித்த டயர் போட்ட 500 வாட் வண்டி ஒன்றைக் காட்டினார், ஆக்சிலேட்டர் உண்டு, 4,000 ரிங்கிட். இணையத்தில் ஒருவர் 20 அங்குலச் சக்கரமும் முன்னால் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் ஃபோர்க்கும் உள்ள மின்சைக்கிளை 1,400 வெள்ளிக்கு விற்கிறார், அரசு அனுமதியைக் காட்டும் ஆரஞ்சு முத்திரை இருக்கிறதாம். மூன்றாவது, கடையில் பார்த்த பெரிய கம்பெனி மின்-மலைச்சைக்கிள். விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது ஓட்டுவது 12 வருடப் பழைய 26 அங்குல, 21 கியர் வண்டி. என்ன செய்யலாம்?


தோ பாயோ டெலிவரி:

அண்ணே, ஜோகூர் பாரு வண்டி வேண்டவே வேண்டாம். நான் ஐந்து வருடமாக மின்சைக்கிளில்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அதனால் இந்த விதிகள் எனக்கு மனப்பாடம். மோட்டார் 250 வாட்டுக்கு மேல் கூடாது. மொத்த எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டர் வந்ததும் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும். மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்ய வேண்டும், ஆக்சிலேட்டர் இருந்தாலே குற்றம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முத்திரை, பதிவு, பின்னால் நம்பர் பிளேட் மூன்றும் வேண்டும். ஓட்டுபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும், 2022 ஜனவரியிலிருந்து எழுத்துத் தேர்வும் பாஸ் செய்திருக்க வேண்டும்.

என்னோடு ஓட்டிய பையன் ஒருவன் ஆக்சிலேட்டர் வண்டி வைத்திருந்தான். அதிகாரிகள் நிறுத்தி, அங்கேயே எடை போட்டு, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டியும் போயிற்று, அபராதமும் வந்தது, அந்த மாத வருமானமும் போயிற்று. அவன் நடைபாதை ஓரத்தில் சாப்பாட்டுப் பையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்று. மின்சைக்கிளுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் சாலையும் சைக்கிள் பாதையும்தான். நடைபாதையில் ஏறக் கூடாது. காட்டுத்தடத்துக்குள் மோட்டாரோடு போக நினைத்தால் முதலில் முகப்பில் இருக்கும் பலகையை நின்று படியுங்கள்.


பழைய மெக்கானிக்:

தம்பி, 22 வருடம் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் மோட்டாரை விட முழங்கால்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

முதலில் கடையில் பார்த்த அந்த மின்-மலைச்சைக்கிள் விலை ஏன் அப்படி என்று பாருங்கள். ஓரளவு நல்ல அலுமினிய ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, மோட்டார் இல்லாமலே 14 கிலோ வரும். மலைக்கென்றே செய்த நடு மோட்டாரில் (பெடல் அச்சில் இருப்பது) ஷிமானோ இபி8 எடை 2.6 கிலோ, பாஷ் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் சுமார் 2.9 கிலோ. 500 வாட்-ஹவர் பேட்டரி ஏறத்தாழ 3 கிலோ. கூட்டிப் பாருங்கள், அங்கேயே 20 கிலோவைத் தொட்டுவிட்டீர்கள். பின்னாலும் சஸ்பென்ஷன் வைத்தால் 22, 24 என்று போகும். வெளிநாட்டுக் காணொளிகளில் எல்லோரும் புகழ்கிற மின்-மலைச்சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்த 20 கிலோ வரம்பில் தோற்றுவிடும். தேறுபவை கார்பன் ஃபிரேம், சின்ன மோட்டார், சின்ன பேட்டரி. எடையைக் குறைக்கக் குறைக்க விலை ஏறும். 2,000 வெள்ளிக்கு அது கிடையாது தம்பி, அங்கே இங்கே தேடி அலைய வேண்டாம்.

அந்த 1,400 வெள்ளி வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் அது சந்தைக்குப் போகிற வண்டி. அந்த வகையில் நிறைய வண்டிகளுக்கு, பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கிற சென்சார்தான் இருக்கும், எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. அரைச்சுற்று மிதித்த பிறகு மோட்டார் திடீரென்று தள்ளும், நீங்கள் நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும். தார்ச்சாலையில் பழகிவிடும். ஈரமான வேர் மேல் முன்சக்கரம் இருக்கும்போது அப்படித் தள்ளினால் விழுவீர்கள். ஆபரேஷன் ஆன காலைத்தான் முதலில் ஊன்றுவீர்கள். அதை நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது.

இப்போது என் யோசனை. சிங்கப்பூரில் ரொம்ப உயரமான புக்கிட் தீமா மலையே 164 மீட்டர்தான். இங்கே ஏற்றம் எல்லாம் குட்டை, ஆனால் செங்குத்து. அதற்கு வேண்டியது லேசான கியர். முன்னால் ஒரே ஒரு 30 பல் சக்கரம், பின்னால் 51 பல் வரை போகிற 11 அல்லது 12 கியர். ஷிமானோ கம்பெனியின் டியோர் வகை கியரே போதும். 29 அங்குலச் சக்கரத்தில், பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி 1.35 மீட்டர்தான் நகரும். மெதுவாகப் போகும், ஆனால் முழங்காலில் பாரம் விழாது. பாலிகன் எக்ஸ்ட்ராடா, ஜயன்ட் டாலன், மெரிடா பிக் நைன் வகைகளைப் பாருங்கள். ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குள் கிடைப்பதில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் காற்று ஃபோர்க்கும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்பிரிங் ஃபோர்க்கை உங்கள் எடைக்கு எளிதாகச் சரிசெய்ய முடியாது, காற்று ஃபோர்க்கை ஒரு பம்பு வைத்தே சரிசெய்யலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பழைய வண்டியில் முன்னால் இருக்கும் ஆகச் சின்ன சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் ஆகப் பெரிய சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணி இங்கே போடுங்கள்.

சீட்டையும் பாருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து ஆகக் கீழே கொண்டுபோனால் கால் நேராக நிற்க வேண்டும். நிறையப் பேர் சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டு முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது என்கிறார்கள்.


செங்காங் வாசி:

அண்ணா, மற்றவர்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழைய பேட்டரி பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

போன வருடம் எங்கள் மாடியில், எங்களிடமிருந்து நான்காவது வீட்டில், இரவில் சார்ஜ் போட்டிருந்த பேட்டரி எரிந்தது. யாரோ பிரித்து செல் மாற்றிக் கொடுத்த பேட்டரியாம், சார்ஜரும் வேறு வண்டியுடையது. அதிகாலை மூன்றரை மணிக்கு இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பத்து மாடி இறங்கினேன். மின்தூக்கியைத் தொடவில்லை. சின்னவள் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தாள். தாழ்வாரக் கூரையில் கரி படிந்தது, சுண்ணாம்பு அடித்த பிறகும் மழைக்காலத்தில் அந்த வாடை வருகிறது. கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டிருந்ததால் அந்தக் குடும்பம் வெளியே வர வழியில்லாமல் சமையலறைப் பக்கம் நின்றது. தீயணைப்பாளர்கள் வந்து காப்பாற்றினார்கள். யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை, அது தெய்வச் செயல்.

குடிமைத் தற்காப்புப் படை சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், வாசலை மறித்துப் போடாதீர்கள், கம்பெனி சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். யாருடைய கையில் எப்படி இருந்தது என்று தெரியாத பேட்டரியை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

ஊரிலிருந்து வரும்போது ஒரு பேட்டரி வாங்கி வருகிறேன் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட பேட்டரியை விமானத்தில் பயணி கொண்டுபோக முடியாது. சைக்கிள் பேட்டரி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.


ஈசூன் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. செங்காங் அக்கா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். 1,400 வெள்ளி வண்டிப் பேச்சு அன்றோடு முடிந்தது.

மெக்கானிக் ஐயா, நேற்று இரவு புளோக் கீழ்த்தளத்தில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு எண்ணினோம். மகன் ஒரு பல்லில் வெள்ளை மார்க்கர் வைத்துவிட்டு விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினான். கறுப்பு மசி முழங்கை வரை. முன்னால் 28, பின்னால் 28. சரியா என்று இரண்டாவது தடவையும் எண்ணிவிட்டான்.

சீட்டும் நீங்கள் சொன்ன மாதிரி மூன்று விரல்கடை தாழ்வாகத்தான் இருந்தது.


பழைய மெக்கானிக்:

28க்கு 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. 26 அங்குலத்தில் அது 2 மீட்டருக்குச் சற்று அதிகம். நான் சொன்ன கியரில் 1.35 மீட்டர். அதே ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாரம் குறையும். நீங்கள் இத்தனை நாள் அந்த வேர்ப்பாதையை இந்த வண்டியில் முயன்றதே பெரிய காரியம். பழி உங்கள் கால் மேல் இல்லை தம்பி.

பிசியோவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். வாங்கினால் முதல் இரண்டு வாரம் பூங்கா இணைப்புப் பாதையில் மட்டும் ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 70, 80 சுற்று மிதிக்கப் பழகிய பிறகு மேட்டுக்குப் போங்கள்.


ஈசூன் அப்பா:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். பிசியோ சரி என்றார். 1,290 வெள்ளிக்கு ஹார்ட்டெயில் வாங்கினேன், 30 பல், 51 பல், காற்று ஃபோர்க். மீதிப் பணத்தில் இரண்டு பேருக்கும் புதுத் தலைக்கவசம், எனக்கு முழங்கால் கவசம்.

போன ஞாயிறு போனோம். வேர்கள் இருக்கும் இடத்தில் முதல் மூன்றைத் தாண்டினேன், நான்காவதில் பின்சக்கரம் சுழன்று நின்றுவிட்டது, கால் ஊன்றினேன். வலி இல்லை. முன்பெல்லாம் அங்கிருந்து மேலே தள்ளிக்கொண்டே போவேன். இந்தத் தடவை அங்கேயே ஏறி உட்கார்ந்து மீதியை மிதித்துவிட்டேன். மகன் உச்சிக்குப் போகாமல் எனக்குப் பின்னாலேயே வந்தான். நான் கவனிக்கவில்லை, சங்கிலிச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

மெக்கானிக் ஐயா, அந்த நான்காவது வேரில் சக்கரம் சுழல்வது டயர் காற்றாலா? கடையில் 40 பிஎஸ்ஐ அடித்துக் கொடுத்தார்கள். என் எடை 76 கிலோ, டயர் 2.3 அங்குலம், டியூப் இருக்கிறது.


பழைய மெக்கானிக்:

40 சாலைக்குச் சரி, வேருக்கு அதிகம். பின்னால் 28, முன்னால் 26 வைத்துப் பாருங்கள். விளிம்பு வேரில் இடித்துச் சத்தம் வந்தால் 2 ஏற்றுங்கள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். வேரைத் தாண்டும்போது எழுந்து நிற்காமல் சீட்டின் நுனிக்கு வந்து உட்காருங்கள், பின்சக்கரத்தில் எடை இருந்தால்தான் பிடிக்கும்.