மினியேச்சர் உருவங்களுக்கு விலை குறைந்த பிரஷ்: பரிந்துரை தேவை

வணக்கம் நண்பர்களே. 28 மி.மீ. உருவங்களுக்கு அக்ரிலிக் பெயிண்ட் அடிக்க, முனை கலையாத, விலை குறைந்த பிரஷ் தேடுகிறேன். கோலின்ஸ்கி சேபிள் (விலங்கின் இயற்கை மயிரால் ஆன பிரஷ்) தான் சிறந்தது, ஆனால் அந்த விலை இப்போதைக்குக் கட்டுப்படியாகாது.

வேண்டியது 1 அல்லது 2-ஆம் எண் ரவுண்ட் பிரஷ். 000 போன்ற பொடி எண்கள் வேண்டாம். அவற்றில் பெயிண்ட் கொஞ்சம்தான் நிற்கும். கண்ணில் புள்ளி வைப்பதற்குள் முனையிலேயே காய்ந்துவிடும். முனை கூராக இருந்தால் 1-ஆம் எண்ணிலேயே கருவிழி வரையலாம்.

சிந்தெடிக்கில் (செயற்கை இழை பிரஷ்ஷில்) பெரிய தொல்லை, முனை கொக்கிபோல் வளைந்துவிடுவது. வெந்நீரில் சில விநாடி முக்கி விரலால் நீவினால் நிமிர்கிறது, ஆனால் மறுபடி வளைகிறது. அதிக நாள் தாங்கும் சிந்தெடிக் எது? சேபிளும் சிந்தெடிக்கும் கலந்த பிரஷ் வைத்திருப்பவர்கள், அதன் முனை இரண்டாகப் பிளக்கிறதா என்று அவசியம் சொல்லுங்கள்.

பராமரிப்பில் குறை வைப்பதில்லை. மயிரின் பாதிக்கு மேல் பெயிண்ட் ஏற விடுவதில்லை. உலோகப் பூணுக்குள் புகுந்து காய்ந்தால் மயிர் விரிந்து, பிறகு எந்த சோப்பாலும் முனை திரும்பாது. தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்துவதும் கிடையாது. மெட்டாலிக் பெயிண்டுக்குத் தனி பிரஷ், ட்ரைபிரஷ்ஷுக்கு (பெயிண்டைத் துடைத்துவிட்டு மேலோட்டமாகத் தேய்க்கும் முறைக்கு) மேக்கப் பிரஷ் இருக்கிறது. இவற்றுக்குப் பரிந்துரை தேவையில்லை.

பதிலில் எண்ணோடு மயிரின் நீளத்தையும் மி.மீ.-இல் குறிப்பிடுங்கள். ஒரு நிறுவனத்தின் 1, இன்னொன்றின் 0 அளவுக்குத்தான் இருக்கிறது.