மாதகல் கடற்கரை விகாரை: அப்பாவைக் கூட்டிப்போகலாமா?

அம்மாப்பேட்டை மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, தறி ஓட்டி ஓய்ந்தவர். பெரியேரி தலைவெட்டி முனியப்பன் உண்மையில் புத்தர் சிலைதான் என்று 2022-ல் உயர்நீதிமன்றம் சொன்னதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. சின்ன வயதிலிருந்து கற்பூரம் காட்டிக் கும்பிட்ட சாமியாயிற்றே. உடனே ஆத்தூர்ப் பக்கம் தியாகனூருக்குப் போய் அங்கே உட்கார்ந்திருக்கும் புத்தரையும் பார்த்துவிட்டு வந்தார். இப்போது ஆசை கடல் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் மாதகல் பக்கம், அசோகர் மகள் சங்கமித்தை வெள்ளரசு (போதி மர) கன்றோடு வந்து இறங்கியதாகச் சொல்லும் ஜம்புகோளப் பட்டினத்தைப் பார்க்க வேண்டுமாம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் நாலு மணி நேரம்தான் என்கிறார். ஏற்காடு பஸ்ஸில் ஏழாவது வளைவிலேயே வாந்தி எடுக்கிற மனிதர் இவர்! முழங்கால் வலி வேறு. அங்கே இருக்கும் ஒரு புத்த விகாரைக்காக அவ்வளவு தூரம் போகலாமா? பக்கத்தில் வேறென்ன இருக்கிறது?

செவ்வாய்ப்பேட்டை:
பாஸ்போர்ட், இலங்கை விசா இரண்டும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள், அதனால் நாள் பார்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும். கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும் மார்ச், ஏப்ரல் நல்லது. வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள், குமட்ட ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பயனில்லை.

நாகையில் சூடாமணி விகாரம் என்ற பழைய புத்தக் கோயிலைத் தேடி அலையாதீர்கள். ராஜராஜன் காலத்தில் கடல்கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் எழுப்பியது, ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்குக் கொடையாக விட்டார்கள். மிச்சம் நின்ற செங்கல் கோபுரத்தையும் 1867-ல் இடித்துவிட்டார்கள். அங்கே மண்ணில் கிடைத்த புத்தர்களைப் பார்க்க எழும்பூர் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும்.

இளவாலைக்காரி:
தங்கச்சி, நான் பிறந்தது மாதகலுக்குப் பக்கத்து ஊர். 1990-ல் எழும்பி வந்தோம், இப்போது தாரமங்கலம் பக்கம் இருக்கிறோம். போன சித்திரையில் சித்தி மகள் வீட்டுக்குப் போய் வந்தேன், அதனால் சொல்கிறேன்.

விகாரை சின்னது. வெள்ளைத் தூபி, அரச மரம், சங்கமித்தை சிலை, எதிரே கடல். அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். எனக்கு அந்தக் கரை என்றால் காயப்போட்ட வலையும் கருவாட்டு மணமும்தான் ஞாபகம். போருக்குப் பிறகு வடக்கில் எழும்பிய விகாரைகள் பற்றி எங்கள் சனத்துக்கு மனக்கசப்பு உண்டு, காணிப் பிரச்சினை சில இடங்களில் இன்னும் ஓயவில்லை. என்னைக் கூட்டிப்போன ஓட்டோக்காரத் தம்பி வாசலோடு நின்றுகொண்டான். நானும் ஏன் என்று கேட்கவில்லை.

கப்பல் காங்கேசன்துறையில் வந்து நிற்கும். அங்கிருந்து மாதகலுக்குக் கரையோரமாகப் போகும்போது வழியிலேயே கீரிமலை. அதை விட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கம் நல்ல தண்ணீர்க் கேணி, மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல். ஆண்கள் கேணி திறந்தவெளி, பெண்களுக்கு மதில் மறைவில் தனியாக. குதிரை முகத்தோடு வந்த இளவரசி இதில் குளித்துத்தான் முகம் மாறினாள் என்று அம்மம்மா சொல்வார். 'மா விட்ட புரம்' என்பதால்தான் மாவிட்டபுரமாம். அங்கே கந்தசாமி கோயில் இருக்கிறது. கேணிக்குப் பக்கத்தில் நகுலேஸ்வரம் சிவன் கோயில். ஆடி அமாவாசைக்கு மட்டும் போகாதீர்கள். தகப்பனை இழந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு அங்கேதான், கால் வைக்க இடமிருக்காது.

உங்கள் அப்பாவுக்குப் பிடிக்கப்போவது கந்தரோடை. சுன்னாகத்துக்குக் கிட்ட, கவிழ்த்த சட்டிகள் மாதிரிச் சின்னச் சின்னக் கல் தூபிகள் கூட்டமாக இருக்கும். வயல்காட்டில் உட்கார்ந்திருக்கும் தியாகனூர் புத்தரைப் பார்த்தவருக்கு, தமிழ் ஊருக்கு நடுவே இதைக் கண்டால் ஆச்சரியமாக இருக்காது. அதோடு நயினாதீவு. குறிகட்டுவான் படகுத்துறையில் படகு ஏறினால், ஒரே தீவில் நாகபூசணி அம்மனும் நாகதீப விகாரையும். படகில் ஏறி இறங்கத்தான் முழங்காலுக்குச் சிரமம், யாராவது கை கொடுக்க வேண்டும்.

மாதகலை மாலையில் வையுங்கள். உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த முற்றத்தில் நடந்தால் கால் வெந்துபோகும்.

அம்மாப்பேட்டை மகள்:
அக்கா, அப்படியே அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓட்டோக்காரத் தம்பி வாசலில் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "கேணிக்கு இறங்கப் படி எத்தனை, கேளு" என்றார்.

இளவாலைக்காரி:
எண்ணினதில்லை தங்கச்சி. பாசி பிடித்திருக்கும், வழுக்கும். கையைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். எனக்காகவும் ஒரு முழுக்குப் போடச் சொல்லுங்கள். எனக்கு அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை.