“அம்மாச்சி வீடு” குரூப்: கவினுக்கு ஹெலிகாப்டரா, ட்ரக்கா?

ஞாயிறு, காலை 8:10

கவின்: கோவை மாமா, முழிச்சாச்சா? ஒண்ணு கேக்கணும்

கவின்: பிளஸ் டூ முடிச்சதுக்கு தாத்தா குடுத்தது, பொங்கல் காசு எல்லாம் சேத்து 12,000 வச்சிருக்கேன். ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கப்போறேன். தலைகீழா நின்னு சுத்துமே, அது

அம்மா: லேப்டாப்புக்குன்னு சொன்னியேடா

கவின்: லேப்டாப்பு காலேஜ் சேந்தப்புறம் அப்பா வாங்கித் தர்றேன்னுட்டாரு. நீயும் பக்கத்துலதானம்மா இருந்த

கோவை மாமா: முழிச்சாச்சு மாப்ள. நீ கேட்டதே எனக்கு அவ்ளோ சந்தோஷம். 12 வருஷமா நான் ஒத்தையாளா பறக்கவிட்டுக்கிட்டு இருக்கேன், நம்ம வீட்ல இன்னொருத்தர் வரமாட்டாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்

கோவை மாமா: ஆனா தலைகீழா நிக்கிறது ஆறு சேனல் ஹெலிகாப்டர். அதை முதல்ல வாங்காத. முதல்ல ஒரு ட்ரக் வாங்கு

கவின்: ட்ரக்கா? அது குட்டிப் பசங்க ஓட்டுறது மாமா

கோவை மாமா: இல்லடா. பேன்சி ஸ்டோர்ல செல்லுப் போட்டு ஓட்டுறது வேற. நான் சொல்றது ஸ்க்ரூ கழட்டி உள்ள இருக்கிற ஒவ்வொரு சாமானையும் தனித்தனியா வாங்கி மாத்துற வண்டி. மோட்டார், சக்கரத்தைத் திருப்புற சர்வோ, கியர், சக்கரத்தைத் தாங்குற ஆர்ம், குலுக்கலை வாங்குற ஷாக், எல்லாம். இதைத்தான் ஹாபி கிரேடுன்னு சொல்லுவாங்க. ஜப்பான்ல தமியா கம்பெனி 1979-லயே மண்ல ஓடுற வண்டிய கிட்டா வித்தான். பாகம் பாகமா வரும், வாங்குனவன்தான் கோக்கணும். 1987-ல வந்த கிளாட் பஸ்டர்னு ஒரு மான்ஸ்டர் ட்ரக், ரெண்டு மோட்டார், நாலு சக்கரமும் திரும்பும். அதை இன்னைக்கும் வச்சு ஓட்டுறவங்க இருக்காங்க

மீனா: மாமா, நான் சின்னமனூர்ல இருக்கேன். தாத்தா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேக்குறாரு. “ஹெலிகாப்டர் கேட்டவனுக்கு ஏன் ட்ரக்கு”ன்னு கேக்குறாரு

கோவை மாமா: அப்பா கேட்டது சரியான கேள்வி. சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும்

கோவை மாமா: வண்டி உன்னைவிட்டு விலகிப் போறப்ப, வலது பக்கம் திருப்பினா வலது பக்கம் போகும். அதே வண்டி உன்னைப் பாத்து வர்றப்ப, வலது பக்கம் திருப்பினா உன் கண்ணுக்கு இடது பக்கம் போகும். கேக்க சின்ன விஷயம். ஆனா ரிமோட்ல ஓடுற, பறக்குற எதுக்கும் கஷ்டமே இதுதான். கை யோசிக்காம செய்யணும். ட்ரக்குல தப்பு பண்ணினா சுவத்துல இடிச்சு பம்பர்ல கீறல் விழும். ஹெலிகாப்டர்ல அதே தப்புக்கு இறக்கை, ஷாஃப்ட், வால் கம்பி எல்லாம் ஒரே நேரத்துல போயிரும். அந்த ஒரு வினாடி மறுபடி கிடைக்காது

கோவை மாமா: மொட்டை மாடியில ரெண்டு செங்கல்ல பத்தடி தள்ளி வை. ட்ரக்க எட்டுப் போட்டு ஓட்டு. நீ நகரக்கூடாது, உடம்பையும் திருப்பக்கூடாது. வண்டிக்குள்ள நீயே உக்காந்திருக்கிற மாதிரி நெனச்சுக்க. அப்புறம் நேரா உன் காலைப் பாத்து ஓட்டிட்டு வந்து கட்டைவிரலுக்கு ஒரு சாண் முன்னாடி நிறுத்து. இதை யோசிக்காம பத்து தடவை செஞ்சுட்டேன்னு சொல்லு, ஹெலிகாப்டர் பேச்சை நானே எடுக்கிறேன்

கவின்: சரி மாமா. எந்த ட்ரக்?

கோவை மாமா: டபிள்யூஎல் டாய்ஸ் 12428. நிஜ வண்டியில பன்னெண்டுல ஒரு பங்கு அளவு. நாலு சக்கரமும் இழுக்கும், பின்னாடி லாரி மாதிரி நேரா ஒரே ஆக்ஸில், 7.4 வோல்ட் பேட்டரி. இதைவிட உசத்தி வண்டி நிறைய இருக்கு. டிராக்ஸஸ் ஸ்லாஷ்னு ஒரு ட்ரக், அதை ஓட்டினா உனக்கு நிறுத்த மனசு வராது. ஆனா உன் காசுக்குள்ள இது வரும், முக்கியமா இதோட ஸ்பேர் சுலபமா கிடைக்கும். வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு: “முன்பக்க ஆர்ம் தனியா இருக்கா? எடுத்துக் காட்டுங்க.” காட்டினா வாங்கு

கோவை மாமா: இதை ஏன் சொல்றேன்னா, என் முதல் ஹெலிகாப்டர் வாங்கினப்ப கடையில “ஸ்பேர் எல்லாம் இருக்கு சார்”னாங்க. மூணாவது நாள் வால் கம்பி ஒடிஞ்சது. ஆறு மாசம் அலைஞ்சேன், கிடைக்கவே இல்ல. அந்தப் பெட்டி இன்னும் பரண்ல இருக்கு. அதைப் பாக்குறப்ப எல்லாம் மனசு ஒரு மாதிரி ஆயிரும்

தேனி சித்தி: தம்பி, நம்ம குட்டிக்கும் ஒண்ணு வாங்கலாமா? ஏழு வயசு. வேகமா ஓடினா பயமா இருக்கு

கோவை மாமா: அவனுக்கு கிராலர் வாங்குங்கக்கா. டபிள்யூபிஎல் சி24-ன்னு ஒரு பிக்கப். மெதுவாத்தான் போகும், ஆனா கல்லு மேல, படிக்கட்டு மேல உருண்டு பெரண்டு ஏறும். தலையணையை அடுக்கி மலை கட்டிக் குடுங்க, ஒரு மத்தியானம் முழுக்க சத்தமே இருக்காது

தேனி சித்தி: அப்ப இன்னைக்கே சொல்லிருவேன் அவன் அப்பாகிட்ட

காலை 9:35

மீனா: தாத்தா கேக்குறாரு, ஹெலிகாப்டர்ல மூணு சேனல் ஆறு சேனல்னா என்னன்னு. மோட்டார் சங்கதி வந்ததும் கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டாரு

கோவை மாமா: அப்பாவுக்கு மோட்டாருக்கு காயில் கட்டின கை, சட்டுனு பிடிச்சுக்குவாரு. சேனல்னா ரிமோட்ல இருந்து தனித்தனியா எத்தனை விஷயத்தைக் கட்டுப்படுத்தலாம்ங்கிற கணக்கு. மேல விசிறி ஒரு பக்கம் சுத்தினா, கீழ உடம்பு எதிர்ப்பக்கம் சுத்தப் பாக்கும். அதைத் தடுக்கத்தான் வால்ல சின்ன விசிறி. சில சின்ன ஹெலிகாப்டர்ல மேலயே ரெண்டு விசிறி, ஒண்ணு இப்படி ஒண்ணு அப்படி சுத்தும். ஒண்ணோட முறுக்கை இன்னொண்ணு சரிக்கட்டிரும், அதனால ஆடாம நிக்கும். சைமா எஸ்107 அந்த வகை, மூணு சேனல். வீட்டுக்குள்ள அருமையா பறக்கும். வெளிய எடுத்துட்டுப் போனா லேசான காத்துக்கே அடிச்சுட்டுப் போயிரும்

கோவை மாமா: அடுத்தது நாலு சேனல். ஒரே விசிறி, வால் விசிறி. இறக்கையோட சாய்வு மாறாது, வேகத்தைக் கூட்டினா ஏறும், குறைச்சா இறங்கும். டபிள்யூஎல் டாய்ஸ் வி911 இந்த வகை, நூறு கிராம்கூட வராது. கவின் ரெண்டாவதா வாங்க வேண்டியது இதுதான்

கோவை மாமா: ஆறு சேனல்ல வேகம் அப்படியே இருக்கும், இறக்கையோட சாய்வு மாறும். சாய்வை எதிர்ப்பக்கம் திருப்பினா காத்தை மேல தள்ளும். அதனாலதான் தலைகீழா நிக்க முடியுது. கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள எங்கயோ போயிரும்

மீனா: தாத்தா சொல்றாரு: “வேகத்தை மாத்துறதுக்கு நேரமாகும், சாய்வை மாத்துறது உடனே கேக்கும். அதான் விஷயம்.”

கோவை மாமா: இதை நான் புரிஞ்சுக்க ரெண்டு மாசம் ஆச்சு. அப்பாவுக்கு ரெண்டு நிமிஷம்

அம்மா: அது யார் மேலயாவது பட்டா என்ன ஆகும் தம்பி? அதைச் சொல்லு முதல்ல

கோவை மாமா: அக்கா, அதை மறைக்க மாட்டேன். கைக்குள்ள அடங்குற சின்னதுன்னா தோல்ல கோடு விழும், கண்ணுல மட்டும் படக்கூடாது. கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் பறக்கவிடணும். 450 சைஸ்னு வர்ற பெருசுல இறக்கை கார்பன் ஃபைபர், அது கத்தி. 2013-ல நியூயார்க் புரூக்ளின்ல ஒரு பூங்காவுல 19 வயசுப் பையன், நல்லா பறக்கத் தெரிஞ்சவன், தன்னோட ஹெலிகாப்டர் இறக்கை தலையில பட்டு இறந்துபோனான். அதனாலதான் இவன்கிட்ட இப்ப பெருசு வேணவே வேணாம்னு சொல்றேன். நான் பெருசைப் பறக்கவிடுறப்ப குறைஞ்சது முப்பதடி தள்ளி நிப்பேன், சுத்தி ஆள் இருந்தா மோட்டாரே போடமாட்டேன்

அம்மா: சரிப்பா. நீ சொல்றபடியே செய்யட்டும். கவின், மாமா சொல்றதை எழுதி வச்சுக்க

கவின்: ஸ்டார் போட்டு வச்சிருக்கேன்மா

கோவை மாமா: அதைவிட வீட்டுக்குள்ள இருக்கிற ஆபத்து பேட்டரி. இதை எல்லாரும் படிங்க, தேனி அக்கா, நீங்களும் படிங்க. லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி, ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட், முழுசா ஏத்தினா 4.2. அதுக்கு மேல போகக்கூடாது, ஓட்டும்போது 3-க்குக் கீழ இறங்கக்கூடாது. வண்டி மந்தமாச்சுன்னா அத்தோட நிறுத்து, “இன்னும் ஒரு ரவுண்டு” வேணாம். சூடா இருக்கிறப்ப சார்ஜ் போடாத. 1500 எம்ஏஎச் கொள்ளளவு இருக்கிற பேட்டரின்னா ஒன்றரை ஆம்பியருக்கு மேல வைக்காத. உன் 7.4 வோல்ட் பேட்டரியில இருக்கிற ரெண்டு செல்லையும் சமமா ஏத்துற பேலன்ஸ் சார்ஜர் தனியா வாங்கு, அதுல சிக்கனம் பாக்காத. உப்பின பேட்டரிய மறுபடி தொடவே கூடாது

கோவை மாமா: சார்ஜ் போட்டுட்டு கடைக்குப் போறது, தூங்குறது கூடவே கூடாது. 2014-ல நான் சார்ஜர்ல செல் எண்ணிக்கைய தப்பா வச்சுட்டு குளிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா ரூம் முழுக்க புகை, மேசைப் பலகை கருகிப்போச்சு. திரைச்சீலை ரெண்டடி தள்ளி இருந்ததால தப்பிச்சோம். அன்னையிலேர்ந்து மண்சட்டியில வச்சு, டைல்ஸ் தரையில, பக்கத்துல உக்காந்துதான் சார்ஜ் போடுறேன்

அம்மா: இதை நீ சொல்லவே இல்லையேடா எங்ககிட்ட

கோவை மாமா: பயந்துருவீங்கன்னு சொல்லலக்கா

கவின்: மாமா, நாலு சேனல் ஹெலிகாப்டர் எப்ப வாங்கலாம்? எங்க பறக்கவிடுறது?

கோவை மாமா: ட்ரக்கோட ரெண்டு மூணு மாசம் போகட்டும். அதுக்குள்ள கம்ப்யூட்டர்ல சிமுலேட்டர் ஓட்டு. பழைய ரிமோட் ஒண்ணு அனுப்புறேன், கேபிள் போட்டு சொருகிக்க. நமக்கு மோடு 2, இடது ஸ்டிக் ஏத்த இறக்க, மூக்கைத் திருப்ப. வலது ஸ்டிக் முன்ன பின்ன, பக்கவாட்டுல. முதல் வேலை வால் உன் பக்கம் இருக்கிற மாதிரி ஒரே இடத்துல நிறுத்துறது. அது வந்தப்புறம் பக்கவாட்டா நிறுத்து, கடைசியா மூக்கு உன்னைப் பாத்து. மூக்கு உன் பக்கம் இருக்கிறப்ப, எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே வலது ஸ்டிக்கைத் தள்ளு, கீழ முட்டுக் குடுக்கிற மாதிரி

கோவை மாமா: நிஜத்துல பறக்கவிடுறப்ப எல்லாரும் பயத்துல தரையை ஒட்டி வச்சுக்குவாங்க. அங்கதான் கஷ்டம். தன் காத்து தரையில பட்டுத் திரும்பி அதையே ஆட்டும். தைரியமா முட்டி உயரத்துக்குத் தூக்கு, அமைதியாயிரும். விழப்போகுதுன்னு தெரிஞ்சா உடனே த்ராட்டிலை, அதான் இடது ஸ்டிக்கை, கீழ இறக்கிரு. மோட்டார் ஓட ஓட விழுந்தா கியரு பல்லு போயிரும்

கோவை மாமா: இடம், முதல்ல ஹாலுக்குள்ள. மதுரையில ஏர்போர்ட் உங்க திருநகர்ல இருந்து ரொம்பத் தூரம் இல்ல, அங்க வெளிய பறக்கவிடணும்னா எங்க பறக்கவிடலாம்னு காட்டுற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்பைப் பாக்காம எதையும் தூக்காத. அதுல பச்சை மண்டலத்துல பொதுவா 400 அடி வரைக்கும் விடுறாங்க, நமக்கு அதுல பத்துல ஒரு பங்கே ஜாஸ்தி. லீவுக்கு சின்னமனூர் வந்தா கண்மாய்க்குள்ள தண்ணி வத்தின இடம் இருக்கு. ஆனா ஆடியில வேணாம். அம்மியே பறக்குற காத்து. ஆண்டிபட்டி பக்கம் அத்தனை காத்தாடி சும்மாவா நட்டு வச்சிருக்காங்க

மீனா: அம்மாச்சி சொல்றாங்க, “ஆடியில வரட்டும், பறக்கவிட வேணாம், சாப்பிட மட்டும் வரட்டும்”

பதினெட்டு நாள் கழிச்சு, வியாழன், மாலை 6:20

கவின்: மாமா, எட்டு வந்துருச்சு. கால் கிட்ட ஒரு சாண், பத்துக்கு ஒன்பது தடவை. ஆனா இன்னைக்கு பாலத்துக் கட்டையில இடிச்சு முன்பக்க ஆர்ம் ஒடிஞ்சுபோச்சு

கவின்: (புகைப்படம்)

கோவை மாமா: அழகா ஒடிஞ்சிருக்கு, சுத்தமா அந்த ஒரு பாகம்தான். கடையில இருந்துச்சா?

கவின்: இருந்துச்சு மாமா. வாங்கிட்டு வந்து நானே மாட்டிட்டேன். அதோட பெரிய பல்சக்கரமும் தேஞ்சிருந்துச்சு, மாத்தினேன். ஆனா இப்ப ஓட்டினா கரகரன்னு சத்தம்

கோவை மாமா: மோட்டார்ல இருக்கிற சின்னப் பல்சக்கரம் பெருசு மேல ரொம்ப அமுங்கி இருக்கு. நோட்டுப் பேப்பர்ல விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழி. மோட்டார் ஸ்க்ரூவ லூஸ் பண்ணு. ரெண்டு பல்லுக்கும் நடுவுல பேப்பரைக் குடுத்து, மோட்டாரை நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஸ்க்ரூவ டைட் பண்ணு. அப்புறம் சக்கரத்தைக் கையால சுத்து, பேப்பர் தானா வெளிய வரும். விசிறி மடிப்பு மாதிரி மடிஞ்சு வரணும், கிழிஞ்சு வரக்கூடாது. அந்தப் பேப்பர் கனம்தான் ரெண்டுக்கும் நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி

மாலை 6:58

கவின்: (புகைப்படம்)

கவின்: மடிப்பு வந்துருச்சு மாமா, கிழியல! சத்தமும் போயிருச்சு, உய்ய்ங்குன்னு ஒரே சீரா ஓடுது

மீனா: தாத்தா அந்தப் பேப்பர் போட்டோவ பெருசாக்கிப் பெருசாக்கிப் பாக்குறாரு. “டீசல் இன்ஜின்ல வால்வுக்கு தகடு குடுத்து கேப் பாப்போம்ல, அதேதான். யார்றா இவனுக்குச் சொல்லிக் குடுத்தது”ன்னு கேக்குறாரு

கோவை மாமா: அவர் கை வச்ச இன்ஜின் பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சவன்தான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்லு

மீனா: சொன்னேன். ஒண்ணும் பேசல. எந்திரிச்சு பட்டறைக்குப் போய் லைட்டைப் போட்டுருக்காரு. வைஸையும் சால்டரிங் அயர்னையும் துடைச்சு வைக்கிறாராம், கவின் வர்றப்ப வண்டியக் கொண்டுவரணுமாம்

கவின்: சனிக்கிழமையே வர்றேன்னு சொல்லுக்கா. வண்டி, சிமுலேட்டர் ரிமோட் எல்லாம் எடுத்துட்டு வர்றேன்

கோவை மாமா: நானும் கிளம்பி வந்துர்றேன். என் வி911-ஐயும் எடுத்துட்டு வர்றேன், அப்பா வீட்டுக் கூடத்துல பாப்போம். சரி, சனிக்கிழமை வரைக்கும் ஓட்டமாட்டல்ல? பேட்டரிய முழுசா ஏத்தி வைக்காம, சும்மா வைக்கிறப்ப இருக்க வேண்டிய ஸ்டோரேஜ் வோல்ட்டுக்குக் கொண்டுவந்துட்டியா?

கவின்: வச்சிட்டேன் மாமா. ரெண்டு செல்லும் 3.82 வோல்ட். மண்சட்டியிலதான் இருக்கு